சரணம் இல்லாத பாட்டு

அத்தியாயம் 11

கனவில் சரணம் வந்துவிட்டது.

டாக்குரியா ஏரியில் ஒரே பனிமூட்டம். தண்ணீர் எங்கே முடிகிறது, வானம் எங்கே ஆரம்பிக்கிறது என்று தெரியவில்லை. பூர்ணிமா ஒரு படகில் உட்கார்ந்திருக்கிறாள். துடுப்புப் போட ஆளில்லை, படகு தானாகப் போகிறது. அவள் பாடுகிறாள். பல்லவி முடிகிறது, ஒரு மூச்சு, பிறகு சரணம். வார்த்தைகள் இழுத்த இழுப்புக்கு வருகின்றன. இதைத்தானா இத்தனை நாளாகத் தேடினோம், இவ்வளவு சுலபமா என்று கனவுக்குள்ளேயே சிரித்துக்கொண்டாள்.

அப்போது பார்த்துக் குக்கர் விசில் அடித்தது.

கண் திறந்தபோது நாக்கில் ஒரு எழுத்துகூட மிச்சமில்லை. ஜன்னலுக்கு வெளியே பூஜைப் பந்தலின் மூங்கில்களை இன்னும் அவிழ்த்துக்கொண்டிருந்தார்கள். துர்கை புறப்பட்டுப் போய் எத்தனையோ நாளாகிவிட்டது. காளிகாட் தெருக்காரர்களுக்கு மட்டும் மூங்கிலை அவிழ்க்க மனசே வருவதில்லை.

பூர்ணிமா தலையணையில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். மறுபடி தூங்கினால் படகு அங்கேயே நிற்குமா?

நிற்காது. அதுவும் இன்றைக்கு நிற்கவே நிற்காது.

பள்ளிக்கூடத்துப் பாட்டு டீச்சர் வேலையை விட்டுவிட்டு, இனி சொந்தப் பாட்டுதான் என்று பூர்ணிமா வீட்டில் குண்டைத் தூக்கிப் போட்டதும், அன்றிலிருந்து அப்பா சந்தானம் அவளிடம் பாட்டைப் பற்றி மட்டும் பேசுவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். "மோர் இருக்கா?" என்பார். "மெட்ரோவுல கூட்டமா?" என்பார். பேங்கில் மேனேஜராக இருந்து ஓய்வு பெற்றவர். வேண்டாத கடன் மனுவை எப்படி மேஜையில் ஓரமாக நகர்த்துவாரோ, அப்படிப் பெண்ணின் பாட்டையும் நகர்த்தி வைத்துவிட்டார்.

தம்பி ராம்கிதான் அவளைத் தோளில் தூக்கிக்கொண்டான். "அக்கா, மொட்டைமாடில பாடு. கொடில புடவை காயட்டும், பின்னாடி டிராம் கம்பி தெரியட்டும்" என்று செல்போனில் படம் பிடித்து, வெட்டி ஒட்டி, அரை நிமிஷத் துண்டாக வெளியிட்டான். அவ்வளவுதான். ஊரே அதைப் பிடித்துக்கொண்டது.

*டிராம் போயாச்சு, கம்பி பாடுது,*
*யாரை ஏத்திண்டு போச்சு, யாரை விட்டுது?*

தமிழ் தெரியாத வங்காளிப் பிள்ளைகள்கூட டிராமுக்காக அதைப் பாடினார்கள். முழுப் பாட்டு எப்போது என்று கேட்டார்கள். வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணிக்கு என்று ராம்கி தேதி அறிவித்தான். அந்த வெள்ளிக்கிழமைதான் இன்று.

முழுப் பாட்டு என்று ஒன்று கிடையாது. பல்லவி மட்டும்தான் இருக்கிறது. இது பூர்ணிமாவைத் தவிர ஒருவருக்கும் தெரியாது.

எப்படி இப்படி ஆயிற்று? முதலில் அவளுக்கு ஒரே வெட்கம். என் பாட்டைக் கேளுங்கள் என்று தானே சொல்லிக்கொள்வது, யாரும் கூப்பிடாமல் கல்யாண மண்டபத்து மேடையில் ஏறி மைக்கைப் பிடிப்பது மாதிரி இருந்தது. பிறகு வெட்கம் விட்டது. கூடவே காலைச் சாதகமும் விட்டது. சரணம் எழுதலாம் என்று கீபோர்டின் முன்னால் உட்காருவாள்; எத்தனை பேர் பார்த்திருக்கிறார்கள் என்று ஒரு தடவை செல்போனைத் திறப்பாள்; நிமிர்ந்தால் வெயில் எதிர்வீட்டுச் சுவருக்குப் போயிருக்கும். அந்தச் சிவப்பு இதயங்கள் அவளுக்குப் பிடித்திருந்தன. ரொம்பவே பிடித்திருந்தன. அதை ஒப்புக்கொள்ளத்தான் அவமானமாக இருந்தது.

"அக்கா!" ராம்கி கதவைத் தட்டாமல் உள்ளே வந்தான். ராத்திரியெல்லாம் விழித்த கண், ஆனால் முகத்தில் தீபாவளி. "சைதன்யா தா மெசேஜ் பண்ணியிருக்கார். ஜாதவ்பூர் விழா லிஸ்டை இன்னிக்கு முடிக்கறாராம். ஆறு மணிக்கு முழுப் பாட்டு வந்துட்டா உனக்கு மேடை. நிஜ மேடைக்கா! பைனல் மிக்ஸை அனுப்பு, நான் ஏத்தி ரெடியா வெச்சுடறேன்."

ஜாதவ்பூர் குளிர்கால விழா! அதை நடத்துகிறவர்தான் சைதன்யா; 'தா' என்றால் வங்காளியில் அண்ணா. அந்த மேடைக்காகத்தான் அவள் வேலையையே விட்டாள்.

"ராம்கி, கதவைச் சாத்து."

"என்ன?"

"பாட்டு இல்லை."

"என்ன இல்லை?"

"சரணம் எழுதலைடா. பல்லவி மட்டும்தான் இருக்கு. ரெடின்னு உங்கிட்ட பொய் சொன்னேன்."

அவன் கட்டில் விளிம்பில் உட்கார்ந்தான். கீழே மூங்கில்கள் ஒன்றன்மேல் ஒன்று விழும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. அவன் கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கத்தவில்லை.

"இன்னிக்கு எழுத முடியுமா?" என்றான்.

"கனவுல வந்துது. போயிடுத்து."

"கனவெல்லாம் ஏத்த முடியாதுக்கா." தலையைச் சொறிந்தான். "சரி. பல்லவியையே திருப்பித் திருப்பிப் போட்டுடறேன். ஒரு தடவை வயலின், ஒரு தடவை வெறும் கீபோர்ட், ஒரு தடவை உன் ஹம்மிங். நடுவுல டிராம் மணி. இப்பல்லாம் பாதிப் பாட்டு இப்படித்தான் வரது. யாரும் கண்டுபிடிக்க மாட்டா."

"தப்பில்லையா?"

"மேடை வேணுமா, வேண்டாமா?"

வேணும். தலையை ஆட்டினாள்.

ராம்கி காதில் ஹெட்போனை மாட்டிக்கொண்டு லேப்டாப்புக்குள் இறங்கிவிட்டான்.

மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் அம்மா ஜலஜா பையை நீட்டினாள். "கரியாஹாட் வரைக்கும் போயிட்டு வா. வெத்தலை நல்ல இளசா பார்த்து வாங்கு. வாழைப்பழமும் நிறைய வேணும்."

"எதுக்கும்மா இத்தனை?"

"வெள்ளிக்கிழமைடி" என்றாள் அம்மா. அவள் காலைப் பிடித்துக்கொண்டு நடந்ததை அந்த அவசரத்தில் பூர்ணிமா கவனிக்கவில்லை.

கரியாஹாட் நடைபாதையில் வெயில் தார்ப்பாய்களின் வழியாக நீலமாகவும் மஞ்சளாகவும் இறங்கியிருந்தது. புடவைக்காரர்களும் வளையல்காரர்களும், "எஷோ தீதி, தேகே ஜாவோ" என்று இரண்டு பக்கமும் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். வா அக்கா, பார்த்துவிட்டுப் போ. எவ்வளவு கூச்சமில்லாமல் கூப்பிடுகிறார்கள் என்று பூர்ணிமா நினைத்துக்கொண்டாள். அவர்களிடம் கூப்பிட்டுக் காட்டச் சரக்கு இருக்கிறது, அதனால் இருக்கலாம்.

வெற்றிலையை வாங்கிப் பையில் போடும்போது அது காதில் விழுந்தது.

*டிராம் போயாச்சு, கம்பி பாடுது...*

முன்னால் ஒரு காலேஜ் பெண். தோளில் துணிப்பை, கையில் ஒரு பொட்டலம் வேர்க்கடலை. தமிழ் அவள் வாயில் கொஞ்சம் வழுக்கிக்கொண்டு போயிற்று, ஆனால் சுருதி சுத்தம். தன்னை மறந்து பாடிக்கொண்டே கூட்டத்துக்குள் நடந்தாள்.

பூர்ணிமாவின் கால்கள் அவள் பின்னால் போயின. ஏன் என்று கேட்டால் சொல்ல வெட்கமாக இருக்கும். அடுத்து இந்தப் பெண் சரணம் பாடுவாள் என்று அவளுக்குத் தோன்றிவிட்டது. கனவில் தொலைத்தது இந்தப் பெண்ணிடம் போய்ச் சேர்ந்திருக்கும். இன்னும் பத்தடி நடந்தால் கேட்டுவிடலாம். பாத்திரக் கடை, பூக்கடை, மீன் வாடை அடிக்கிற சந்தின் முனை எல்லாம் தூக்கத்தில் நடப்பது மாதிரி அவளைக் கடந்தன.

*...யாரை ஏத்திண்டு போச்சு, யாரை விட்டுது?*

பெண் ஒரு கடலையை வாயில் போட்டாள். மென்றாள். பூர்ணிமா மூச்சைப் பிடித்துக்கொண்டாள்.

*டிராம் போயாச்சு, கம்பி பாடுது...*

மறுபடி முதலிலிருந்து. பாவம், அவளுக்குக் கொடுத்தது அவ்வளவுதானே. பெண் சந்தில் திரும்பிப் போய்விட்டாள். பூர்ணிமா கையில் வெற்றிலைப் பையோடு யாரோ அடித்துவிட்டுப் போன மாதிரி நின்றாள். வாழைப்பழம் வாங்க மறந்தே போயிற்று.

வீடு திரும்பினால் வாசலிலேயே நெய் வாசனை. அடுக்களையில் பெரிய வெண்கல உருளி நிறையக் கேசரி. பக்கத்தில் சுண்டல் மலை மாதிரி.

"அம்மா! யாருக்கு இவ்வளவு?"

"வரவாளுக்கு."

"யார் வரா?"

ஜலஜா நிமிர்ந்து பார்த்தாள். நெற்றியில் வியர்வை, முகத்தில் அப்படி ஒரு பெருமை. "எல்லாரும்தான். நம்ம காமு, ரெண்டாம் மாடி சிவராமகிருஷ்ணன் மாமா ஆத்துல எல்லாரும், எதிர்வீட்டு வங்காளி மாஷிமா, லேக் மார்க்கெட் பக்கத்துல இருக்கற நம்ம மனுஷா அத்தனை பேரும். குங்குமச் சிமிழை எடுத்துண்டு போய் ஒவ்வொருத்தர் ஆத்திலயும் நேர்ல அழைச்சுட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை ஆறு மணிக்கு எங்க பொண்ணு பாட்டு ரிலீஸ், அவசியம் வந்துடணும்னு."

பூர்ணிமா அப்படியே சுவரில் சாய்ந்துவிட்டாள். "அம்மா, அது போன்ல வர பாட்டு! அவா அவா ஆத்துல உக்காந்துண்டு கேக்கறது!"

"அதெப்படி? குங்குமம் கொடுத்து அழைச்சா ஆத்துக்குத்தானே வருவா? ராம்கிதான் சொன்னான், தெரிஞ்சவா எல்லாருக்கும் சொல்லும்மான்னு."

ராம்கி ஹெட்போனைக் கழற்றித் தலையில் கைவைத்துக்கொண்டான். தப்பு அவன் பேரில்தான். போனில் செய்தியைத் தட்டிவிடு என்ற அர்த்தத்தில் அவன் சொன்னான். அழைப்பு என்றால் நேரில் போய் அழைப்பது என்றுதான் ஜலஜாவுக்குத் தெரியும். வீக்கம் கண்ட முழங்காலோடு இரண்டு வாரமாக மத்தியானம் மத்தியானம் மாடிப்படி ஏறி இறங்கியிருக்கிறாள். ஒருவரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை.

"உனக்கு வெக்கமா இல்லையாம்மா?" பூர்ணிமா வெற்றிலைப் பையைக் கீழே வைத்தாள். "நம்ம பெருமையை நாமே வீடு வீடாப் போய்ச் சொல்லிண்டு?"

"பெருமையா? கூப்பிட்டேன். கல்யாணத்துக்கு, கொலுவுக்கு, சீமந்தத்துக்கு எல்லாம் கூப்பிடறோமே, அதுல என்ன வெக்கம்? ஆத்துல நல்லது நடக்கறது, வாங்கோன்னேன்." கரண்டியை உருளியில் ஒரு தட்டுத் தட்டினாள். "போய் முகத்தை அலம்பிண்டு பொடவை கட்டிக்கோ."

ஆத்தில் என்ன நடக்கப்போகிறது என்பது அம்மாவுக்குத் தெரியாது. பூர்ணிமா முகத்தை அலம்பும் சாக்கில் குழாயைத் திறந்துவிட்டு அழுதாள்.

ஐந்தரைக்குள் கூடத்தில் உட்கார இடமில்லை. காமு மாமி ரவிக்கைத் துண்டும் பூவும் கொண்டுவந்திருந்தாள். சிவராமகிருஷ்ணன் மாமா பட்டுக்கரை வேஷ்டியில் வந்திருந்தார். கையில் தேங்காய், எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை. மாஷிமா சந்தேஷ் இனிப்புப் பெட்டியோடு வந்து, தாம் கீழே உட்கார்ந்தால் எழுந்திருக்க முடியாது என்று வங்காளியில் அறிவித்துவிட்டு ஒற்றை நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். ஜன்னல் வழியே சாயங்கால வெளிச்சம் மஞ்சள் கரைத்துவிட்ட மாதிரி வந்து எல்லார் தலையிலும் உட்கார்ந்தது. அந்தப் பழைய கூடம் இத்தனை அழகாக இருந்து பூர்ணிமா பார்த்ததில்லை. தன் பாட்டுக்காகவா இவ்வளவு பேர் தலைசீவி, பொட்டு வைத்து, படியேறி வந்திருக்கிறார்கள்?

மூலை பெஞ்சில் அப்பா. இஸ்திரி போட்ட சட்டை. எப்போதும் இந்நேரம் ஏரிப்பக்கம் வாக்கிங் போயிருப்பார். இன்று போகவில்லை.

"ஊருக்கு அப்புறம் போடலாம். வந்தவாளுக்கு முதல்ல போடு" என்றாள் ஜலஜா.

ராம்கி அக்காவைப் பார்த்தான். பிறகு ஸ்பீக்கரை இணைத்து, பொத்தானை அழுத்தினான்.

டிராம் மணி கேட்டது. வயலின் எழுந்தது. அவள் குரல்.

நன்றாகத்தான் இருந்தது. ராம்கி கெட்டிக்காரன், ஒரு மத்தியானத்தில் என்னென்னவோ செய்திருந்தான். காமு மாமி, "பேஷ்" என்று பக்கத்தில் இருந்தவளின் தொடையைத் தட்டினாள். மாஷிமா கண்ணை மூடிக்கொண்டார். இரண்டாவது தடவையும் பல்லவி வந்தது. யாருக்கும் சந்தேகமில்லை. ராம்கி சொன்னது சரி, யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆறு மணிக்கு இது ஊருக்குப் போகும். சைதன்யா லிஸ்டில் பேர் எழுதுவார். பூர்ணிமா கொஞ்சம் மூச்சு விட்டாள்.

அப்போதுதான் அப்பாவின் கையைப் பார்த்தாள்.

சந்தானம் தாளம் போட்டுக்கொண்டிருந்தார். கண் மூடியிருந்தது. தொடையில் உள்ளங்கை விழுந்து, விரல் எண்ணி, திரும்பி விழுந்தது. அவளோடு பாட்டைப் பேசாத அப்பா, ஒரு அட்சரம் பிசகாமல் பாட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருந்தார். மூன்றாம் தடவை பல்லவி முடிந்தது. இனிச் சரணம் எடுக்கவேண்டிய இடம் என்று அவருக்குத் தெரியும். முகம் லேசாக மலர, அடுத்த தட்டுக்குக் கையை உயர்த்தினார்.

ஸ்பீக்கரில் மறுபடி, *டிராம் போயாச்சு...*

கை இறங்கவில்லை. அந்தரத்திலேயே நின்றது. இன்னும் வரும், இதோ வந்துவிடும் என்று காத்துக்கொண்டு நின்றது. கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தார். கோபம் இல்லை அதில். என்னம்மா ஆச்சு என்கிற பார்வை.

பூர்ணிமாவுக்கு அதைத் தாங்க முடியவில்லை. எழுந்துபோய் ஸ்பீக்கரை நிறுத்தினாள்.

"பாட்டு இவ்வளவுதான் இருக்கு" என்றாள். "மீதியை நான் இன்னும் எழுதலை. எழுதின மாதிரி எல்லாரையும் ஏமாத்தப் பார்த்தேன். மன்னிச்சுடுங்கோ."

விஷயம் புரியாத மாஷிமாதான் கண்ணைத் திறந்து, "தாரொபொர்?" என்றார். அப்புறம்?

"அப்புறம் இல்லை மாஷிமா. இனிமேல்தான்" என்றாள் பூர்ணிமா வங்காளியில்.

ஜலஜா வாசல்படியில் தாம்பூலத் தட்டோடு நின்றிருந்தாள். முகம் செத்துவிட்டது. அழைத்தவள் அவள். வந்தவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியவளும் அவள்தான்.

பூர்ணிமா போய் அம்மாவின் கையிலிருந்து தட்டை வாங்கிக்கொண்டாள். காமு மாமி முன்னால் குனிந்தாள்.

"மாமி, அடுத்த வெள்ளிக்கிழமை இதே நேரம். சரணம் பாடறேன். நானே அழைக்கறேன், அவசியம் வரணும்."

தன் பாட்டுக்கு வா என்று தன் வாயால் அவள் ஒருவரை அழைப்பது இதுதான் முதல் தடவை. உடம்பெல்லாம் கூசும் என்று நினைத்திருந்தாள். கூசவில்லை, பயமாகத்தான் இருந்தது. இனி எழுதியே ஆக வேண்டுமே என்ற நல்ல பயம்.

மாமி வெற்றிலையை எடுத்துக்கொண்டாள். "ஒரு வாரத்துல வருமாடி?"

"வரும் மாமி."

"வராட்டா கேசரிக்காவது வரேன்." யாரோ சிரித்தார்கள். கூடம் மூச்சு விட்டது. ஒவ்வொருவராகக் குனிந்து அழைத்தாள். மாஷிமா அவள் கன்னத்தைத் தொட்டு, "ஆஷ்போ" என்றார், வருவேன். அப்பா எழுந்து அவளைத் தாண்டிப் போகும்போது ஒரு கணம் நின்று, "காலமே காப்பி நானே போட்டுத் தரேன். நீ சீக்கிரம் எழுந்து உக்காரு" என்றார். அவ்வளவுதான். பூர்ணிமாவுக்குக் கண் நிறைந்துவிட்டது.

எல்லாரும் இறங்கிப் போனபிறகு ராம்கியைத் தேடினாள். அவன் லேப்டாப்பை மூடிப் பையில் வைத்துக்கொண்டிருந்தான்.

"சைதன்யா தா லிஸ்டை முடிச்சுட்டார்" என்றான். "உன் பேர் இல்லை. காத்துண்டிருந்தவாளுக்கெல்லாம் பாட்டு வரலைன்னு எழுதிப் போட்டுட்டேன். திட்டிண்டிருக்கா."

"திட்டட்டும்டா. நேர்மையாத்தானே..."

"யாரைத் திட்டறான்னு நினைக்கறே?" அவன் பையின் ஜிப்பை இழுத்து மூடினான். "தேதி சொன்னது நான். பேர் என்னோடது. ஒரு மாசமாத் தூங்காம நானும்தான் வேலை பார்த்தேன். இன்னிக்கு மத்தியானமும் பார்த்தேன். எல்லார் முன்னாலயும் ஏமாத்துவேலைன்னு ஒரு வார்த்தைல முடிச்சுட்டே. அப்பா கையைப் பார்த்தியே, என் முகத்தை ஒரு தடவை பார்த்தியா அக்கா?"

பார்க்கவில்லை. உழைப்பு என்றால் தன் உழைப்பு, அவன் செய்வதெல்லாம் வெறும் விளம்பரம் என்று இத்தனை நாளும் நினைத்திருந்தது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. பதில் தேடுவதற்குள் அவன் படியிறங்கிவிட்டான்.

பூர்ணிமா பால்கனிக்கு ஓடினாள். தெரு விளக்குகள் பனியில் கலங்கி நின்றன. மூங்கில் வண்டியைச் சுற்றிக்கொண்டு ராம்கி மெட்ரோப் பக்கம் போய்க்கொண்டிருந்தான், மெதுவாகத்தான் நடந்தான். ஒரு குரல் கொடுத்தால் திரும்பிவிடும் தூரம்தான்.

சற்று முன் வீடு நிறைய மனிதர்களை வாங்கோ வாங்கோ என்று அழைத்தவளுக்கு, தம்பியை வா என்று கூப்பிட வாய் வரவில்லை.